தேயிலைக்கு உரமிடுதலும் கொழுந்து பறித்தலும்

நீலகிரி ஜில்லாவில் குன்னூர், கோத்தகிரி, குந்தா, உதகமண்டலம், கூடலூர், பந்தலூர் ஆகிய தாலூக்காக்களில் சிறு நிலமுடைய விவசாயிகளில் பெரும்பாலோர் தேயிலையையே நம்பி ஜீவனம் செய்து வருகின்றனர். பசுந்தேயிலையின் விலை இறங்கும்போதெல்லாம் இவர்களில் அநேகர் இரண்டு காரியங்களைச் செய்கின்றனர். ஒன்று, விலையில் நஷ்டப்பட்டதை எடையில் ஈடுசெய்துகொள்ளலாம் என்று கருதி யூரியாவைக் கூடுதலாக இடுவது. மற்றொன்று, கூலிச் செலவைக் குறைக்கக் கருதிப் பறிப்பைத் தள்ளிப்போட்டு, இலை நன்றாக மண்டிய பிறகு கத்தரியைக் கொண்டு ஒரேயடியாக வெட்டி எடுப்பது. தனித்தனியே நோக்கினால் இரண்டும் நியாயமாகவே தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே தோட்டத்தில் சேர்ந்து நடக்கும்போது, உரத்திற்குச் செலவிட்ட பணம் எடையாகத் திரும்பி வந்தும் வருமானமாக வந்து சேர்வதில்லை. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தேயிலை பயிரிடுவோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

நெல்லிலும் உருளைக்கிழங்கிலும் பயிர் முதிர்ந்த பின் பலனைப் பெறுகிறோம் என்று விவசாயி எண்ணிப் பழகியிருக்கிறான். தேயிலை அத்தகைய பயிரன்று. அதன் பலன் முதிராத இலையே. ஒரு மொட்டும் அதை அடுத்த இரண்டு இளம் இலைகளும் சேர்ந்ததே நல்ல கொழுந்து. மூன்றாம் இலை மிருதுவாக இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளலாம். அதற்கும் கீழே உள்ளவை செடிக்கு உணவு சமைத்துக் கொடுப்பதற்கானவையேயன்றித் தொழிற்சாலைக்குச் செல்வதற்கானவை அல்ல. நீலகிரியில் 1961-ஆம் வருஷத்தில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழு கண்டுபிடிக்கப்பட்ட பின், கிழங்கு விளைந்த சரிவுகள் பல நாளடைவில் தேயிலையாக மாறின. நிலம் மாறிய அளவுக்கு வழக்கம் மாறவில்லை போலும். கிழங்குக்கு மூட்டை மூட்டையாக உரமிட்டு, விளையும்வரை காத்திருந்த கை, தேயிலைக்கும் அவ்வாறே இட்டுக் காத்திருக்கிறது.

உரமே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தேயிலைத் தூளில் நூற்றுக்குச் சுமார் 4 பங்கு தழைச்சத்து அடங்கியிருக்கிறது. சாம்பல்சத்து 2 பங்குக்குச் சற்று அதிகம். மணிச்சத்து 1 பங்கு அளவு. ஓர் ஏக்கரிலிருந்து வருஷத்திற்கு 4,000 கிலோ பசுந்தேயிலை எடுக்கப்படுவதாகக் கொள்க. நாலரைக் கிலோ பசுந்தேயிலைக்கு ஒரு கிலோ தூள் என்ற கணக்கில் இது ஏறக்குறைய 900 கிலோ தூளாகும். அத்தூளுடன் நிலத்தை விட்டு வெளியேறும் தழைச்சத்து மட்டும் 36 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்துத்தான் இருக்கிறது. ஆகவே கூடையில் சென்றதை ஈடுசெய்யவே இரண்டு மூட்டைக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். இட்டது முழுவதும் செடிக்குக் கிடைப்பதுமில்லை. மழையில் கொஞ்சம் கரைந்தோடும், காற்றில் கொஞ்சம் ஆவியாகும், களைகள் கொஞ்சம் உண்ணும். வேருக்கும் தண்டுக்கும் வேண்டியது வேறு. நிலத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருந்து ஒன்றும் திருப்பிக் கொடாதவனுக்கு நிலம் சில வருஷங்களே பொறுத்திருக்கும்.

இதற்குப் பக்கத்து நாட்டிலேயே அண்மையில் உதாரணம் கிடைத்தது. இலங்கை அரசாங்கம் 2021-ஆம் வருஷத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதியைத் திடீரென்று தடுத்தது. அவ்வருஷ முடிவிற்குள்ளாகவே தடை நீக்கப்பட்டதாயினும், உரம் வேண்டிய அளவிலும் கட்டக்கூடிய விலையிலும் கிடைக்கவில்லை. 2021-இல் சுமார் 29.9 கோடி கிலோவாக இருந்த அந்நாட்டின் தேயிலை உற்பத்தி 2022-இல் சுமார் 25.1 கோடி கிலோவாக இறங்கிற்று. எரிபொருள் தட்டுப்பாடு முதலிய வேறு கஷ்டங்களும் அப்போது இருந்தனவென்பது மெய்யே. எனினும் உரம் நின்றது பிரதான காரணங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. அங்கும் தேயிலையில் பெரும்பகுதியை விளைவிப்போர் சிறு தோட்டக்காரர்களே. நஷ்டமும் அவர்கள் தலையிலேயே விழுந்தது.

உரம் அவசியமென்பது இவ்வாறு தெளிவானபின், அது செடியினுள் என்ன செய்கிறது என்பதை நோக்குவோம். தழைச்சத்துக் கிடைத்த செடி முன்னிலும் அதிகக் கொழுந்துகளை விடும். ஒவ்வொரு கொழுந்தும் முன்னிலும் வேகமாக இலை விரிக்கும். எடை கூடுவது இவ்விரண்டு வழிகளாலேயே. முன்பு 12 நாளில் பறிக்கத் தக்க நிலையை அடைந்த கொழுந்து இப்போது அதற்கு முன்பே அடைந்துவிடுகிறது. உரமிட்டவன் அதற்கேற்பப் பறிப்பின் இடைவெளியையும் குறைத்துக்கொண்டால், கூடுதலாக வந்தது அவ்வளவும் இளங்கொழுந்தாகக் கூடையில் சேரும். குறைக்காமல் 20 நாள், 25 நாள் என்று விட்டுவைத்தால், உரத்தின் வேகமெல்லாம் நாலாவது ஐந்தாவது இலைகளிலும் காம்பிலும் சென்று முடியும். தராசில் எடை காட்டுவது இந்தக் கரட்டிலையே. தொழிற்சாலையில் நாராகப் பிரித்தெடுத்துத் தள்ளப்படுவதும் இதிலிருந்து வருவதே. அதிக உரமிடுகிறவன் அடிக்கடி பறிக்கக் கடமைப்பட்டவன். அடிக்கடி பறிக்க ஆள் கிடைக்காதவன் உரத்தைக் கூட்டுவதில் பிரயோஜனமில்லை.

வேறொரு நஷ்டமும் உண்டு. கொழுந்து பறிக்கப்பட்ட இடத்திற்குக் கீழேயுள்ள இலைக்கணுவிலிருந்து அடுத்த கொழுந்து கிளம்புகிறது. பறிக்காது விட்ட கொழுந்தின் நுனிமொட்டோ சில இலைகளை விரித்தபின் உறங்கிவிடும். அது உறங்கும் நாட்களில் கீழ்க்கணுக்களும் எழாமல் அடங்கிக் கிடக்கும். காத்திருந்து கனமாக எடுத்தவன், அடுத்த தலைமுறைக் கொழுந்தைத் தாமதப்படுத்தியவனே ஆகிறான். மழையும் வெயிலும் கலந்துவரும் மாதங்களில் 8 முதல் 10 நாளுக்கு ஒருமுறையும், குளிர் மாதங்களில் 14, 15 நாளுக்கு ஒருமுறையும் பறித்து வருதல் பொதுவான அளவாகும். செடியின் வகை, உயரம், சீதோஷ்ணம் ஆகியவற்றுக்கேற்ப ஓரிரு நாள் ஏறலாம், இறங்கலாம்.

இனித் தரத்தைப்பற்றி. இளங்கொழுந்தில் துவர்ப்புச் சத்துக்கள் நிறைந்திருக்கின்றன. இலை நசுக்கப்பட்டுக் காற்றுப் பட்டதும் இலையிலேயே உள்ள ஒருவகை நொதிப்பொருள் அச்சத்துக்களை மாற்றுகிறது. தேநீரின் ஒளியும் சுறுசுறுப்பும் செந்நிறமும் அழுத்தமும் அம்மாறுதலால் உண்டாகின்றனவே. மொட்டிலும் முதலிலையிலும் மிகுந்திருக்கும் இச்சத்துக்கள் இரண்டாம், மூன்றாம் இலைகளில் படிப்படியாகக் குறைகின்றன. ஆகவே கரட்டிலை கலந்த மூட்டையிலிருந்து எவ்வளவு நல்ல இயந்திரத்தைக் கொண்டும் நல்ல தூளை எடுக்க இயலாது. தொழிற்சாலைக்காரர் தரத்தைக் கெடுக்கிறார் என்று விவசாயியும், விவசாயி கெடுத்த இலையைத் தருகிறார் என்று தொழிற்சாலைக்காரரும் சொல்லிவருவது வழக்கம். இல்லாத சத்தைத் தொழிற்சாலை உண்டாக்க முடியாது என்ற மட்டில் இரண்டாமவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இருக்கும் சத்தைப் பாழாக்கத் தொழிற்சாலையாலும் முடியும் என்பதை அவரும் மறத்தலாகாது.

அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து, இளங்கொழுந்தின் குணத்தையும்கூட மாற்றிவிடும். வேகமாக வளரும் செடி தான் தயாரிக்கும் மாவுப் பொருளைத் துவர்ப்புச் சத்தாகச் சேமிக்காமல் புரதம் முதலியவற்றை ஆக்கச் செலவிடுகிறது. அதனால் கறுப்புத் தேயிலையின் ஒளியும் மணமும் மங்குகின்றன. ஜப்பானியர் விரும்பும் பச்சைத் தேயிலைக்கு இதே குணம் மேன்மையாகிறது. அவர்கள் நாடும் இனிய ருசி தழைச்சத்து மிகுந்த இலையிலேயே உண்டாகும். அதற்காக ஷிஸுவோகா மாகாணத்தில் 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் எக்டருக்கு 1,000 கிலோ அளவுக்குக்கூடத் தழைச்சத்து இட்டவர்கள் உண்டு. அது நிலத்தடி நீரிலும் ஓடைகளிலும் கலந்து கேடு விளைவித்ததைக் கண்டபின் அங்கேயே அளவைக் குறைத்துவிட்டனர். ஜப்பானியர் செய்ததைக் கேள்விப்பட்டுக் கறுப்புத் தேயிலைக்கு அவ்வாறு செய்ய முற்படுதல் இருவகையிலும் தவறாகும்.

வேகத்திற்கும் மணத்திற்கும் உள்ள விரோதத்தை நீலகிரி விவசாயி வேறெங்கும் சென்று காணவேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் பனி விழுந்து, பகல் தெளிந்து, மழை நின்றிருக்கும்போது செடி மெதுவாகத் தளிர்க்கும். எடை மிகக் குறைவு. ஆயினும் அக்காலத்து இலையிலிருந்து கவனத்துடன் செய்யப்படும் தேயிலைக்கே நீலகிரியின் பெயர் வெளிநாடுகளில் பரவியிருக்கிறது. அம்மாதங்களில் இலை குறைந்துவிட்டதே என்று யூரியாவை வாரியிறைப்போர் உண்டு. குளிரிலும் ஈரமில்லா மண்ணிலும் வேர் அதை எடுத்துக்கொள்வதில்லை என்பதை அவர்கள் அறிவாராக.

யூரியாவே ஏன் மிகுதியாக இடப்படுகிறது என்பதற்கு விலை ஒரு காரணம். 2010-ஆம் வருஷம் முதல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்கு அவற்றிலுள்ள சத்தின் அளவுப்படி மானியம் வழங்கி, விற்பனை விலையை ஓரளவு சந்தைக்கு விட்டனர். யூரியாவின் விலை மட்டும் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டிலேயே நிலைத்தது. மலிவானதைக் கூடுதலாகவும் விலை ஏறியதைக் குறைவாகவும் வாங்குவது மனித சுபாவம். பொட்டாஷ் இடாமல் யூரியா மட்டும் பல வருஷம் பெற்ற தோட்டத்தில், முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகுவதையும் கிளைகள் மெலிவதையும் காணலாம். இதன் முழுக்கேடு கவாத்துச் செய்த பிறகே வெளிப்படும். வெட்டுண்ட செடி தண்டிலும் வேரிலும் சேமித்த பொருளைக் கொண்டே மீண்டும் தளிர்க்கவேண்டியிருக்கிறது. சாம்பல்சத்துப் போதாத செடிக்கு அச்சேமிப்புக் குறைவு. ஆகையால் சில கிளைகள் தளிராமலே காய்ந்துபோகும், சில செடிகள் முற்றிலும் பட்டுப்போகும். பட்டுப்போனதற்குக் கவாத்துச் செய்த ஆளைக் குறைகூறுவார்கள். கவாத்து வருஷத்தில் தழைச்சத்தைவிடச் சாம்பல்சத்தை மிகுத்து இடுவதன் காரணம் இதுவே.

மணிச்சத்து மண்ணில் நகராத தன்மையுடையது. தேயிலை மண் புளிப்பானதாகையால் பாறைப் பாஸ்பேட் அதில் மெல்லக் கரைந்து பயன்படும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செடிவரிசைகளின் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு மூடினால் போதும். துத்தநாகச் சத்துக் குறைந்த தோட்டங்களில் இலைகள் சிறுத்து, அரிவாள்போல் வளைந்து, கணுக்கள் நெருங்கிக் காணப்படும். அதை மண்ணில் இடுவதைவிடத் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து இலைமேல் தெளிப்பதே பலன் தரும்.

உரம் இடும் பருவத்தில் மேற்குப் பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் வித்தியாசம் உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை ஆனி, ஆடி மாதங்களில் இடைவிடாது பெய்யும். அப்போது இட்ட உரம் ஓடையைச் சேரும். அங்கே கோடை மழைக்குப் பின் ஒரு தடவையும், பெருமழை தணிந்தபின் மறுதடவையும் தொடங்குவது நலம். குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பெரிது. எவ்விடத்திலாயினும் வருஷத்து உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் நாலு தடவையாகவாவது பகிர்ந்து, களையெடுத்தபின், மண் ஈரமாக உள்ள நாளில், செடியின் தூரை ஒட்டாமல் கிளை நிழல் விழும் வட்டம் முழுவதும் பரவலாகத் தூவவேண்டும். ஒரு மூட்டையை ஒரு சுமையாளிடம் கொடுத்து மாலைக்குள் முடித்துவிடச் சொன்னால், மேட்டுச் செடிகளுக்குக் கைப்பிடியும் பள்ளத்துச் செடிகளுக்கு மிச்சமுமாகத்தான் கிடைக்கும்.

1946-ஆம் வருஷத்தில் தென்னிந்தியாவுக்கு வந்துசேர்ந்த கொப்புள நோயையும் இங்கே குறிப்பிடவேண்டும். பனிமூட்டமும் தூறலும் உள்ள நாட்களில் இது இளந்தளிரையே பற்றும். தழைச்சத்து மிஞ்சி நீர்கோத்துக் கொழுத்த தளிர் இதற்கு எளிதில் இரையாகிறது. தாமிர மருந்து தெளிப்பது ஒரு பரிகாரம். குறுகிய இடைவெளியில் பறிப்பது மற்றொன்று. கொப்புளம் பழுத்து வித்தைத் தூவுமுன்பே தளிர் செடியை விட்டு நீங்கிவிடுவதால் நோய் பரவ இடமின்றிப் போகிறது. பறிப்பு தாமதமான ஒரு தோட்டம் அடுத்த தோட்டத்துக்கும் நோயைக் கொடுக்கும்.

கத்தரியை முற்றிலும் கண்டிப்பதற்கில்லை. பறிக்க ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை. இலை மிகுந்து வரும் மாதங்களில் செடியின் மேல்மட்டத்தைவிடச் சற்று உயர்த்திப் பிடித்து, பராமரிப்பு இலைகளைத் தொடாமல், குறித்த நாளில் வெட்டி வந்தால் கத்தரியால் பெருந்தீங்கில்லை. இலை குறைந்த மாதங்களில் கையாலேயே பறித்துச் செடிக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். தீங்கு நேர்வது, 25 நாள் விட்டுவைத்துக் கத்தரியைத் தண்டுவரை இறக்கும்போதுதான். அப்போது செடி உணவு சமைக்கும் இலையையும் இழக்கிறது. மேலும் வருஷந்தோறும் வெட்டுண்ட செடிக்குக் கூடுதல் உரம் வேண்டும் என்று எண்ணி யூரியாவை ஏற்றுவதால் நோய் ஒருபுறமும் மருந்து மறுபுறமுமாகப் போகிறது.

பறித்த இலையைச் சாக்கில் திணித்து அதன்மேல் ஏறி மிதித்துக் கட்டுவதும், வெயிலில் சாலையோரம் போட்டு வண்டிக்குக் காத்திருப்பதும் எங்கும் காணக்கூடியவை. நசுங்கிச் சூடேறிய இலை மூட்டையிலேயே சிவந்துவிடும். தொழிற்சாலையில் நிகழவேண்டிய மாறுதல் வழியிலேயே தாறுமாறாக நிகழ்ந்துவிடுகிறது. காற்றோட்டமுள்ள வலைப்பைகளில் தளர்வாக நிரப்பி நிழலில் வைப்பதற்குச் செலவு அதிகமில்லை.

விலை விஷயம் கிராமத்தார் அனைவரையும் பொறுத்தது. தேயிலை வாரியம் ஏலத்தில் தூள் விற்ற சராசரியை அடிப்படையாகக்கொண்டு பசுந்தேயிலைக்கு மாதந்தோறும் குறைந்தபட்ச விலையை அறிவிக்கிறது. ஜில்லாவில் கரட்டிலை மிகுந்தால் சராசரி இறங்கும். சராசரி இறங்கினால் நல்ல கொழுந்து கொடுத்தவனுக்கும் அடிப்படை விலை இறங்கும். 1998-ஆம் வருஷத்திற்குப் பின் விலை வீழ்ந்த காலத்தில் பல தோட்டங்களில் கவாத்தும் உரமும் நின்றன, பறிப்பு முரடாயிற்று. முரடான இலையால் தூளின் பெயர் கெட்டு, விலை மீளுவது இன்னும் தாமதப்பட்டது. தனியொருவன் மட்டும் பத்து நாளுக்கு ஒருமுறை பறித்தால் அவனுடைய நல்லிலை இடைத்தரகரின் வண்டியில் மற்றவர்களுடைய இலையோடு கலந்து மறைந்துபோகும். ஓர் ஊரார் சேர்ந்து, இன்ன சரிவில் இன்ன நாளில் பறிப்பது என்று முறைவைத்துக்கொண்டு, எடைக்களத்திலேயே கரட்டிலையைப் பிரித்துத் தள்ளி, தரத்திற்கு விலை தர உடன்படும் தொழிற்சாலைக்குச் சேர்த்து அனுப்பினால் அதற்கு மதிப்புக் கிடைக்கும். 1962-ஆம் வருஷம் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் நோக்கமும் சிறு விவசாயிகளின் இலை தனித்து நிற்கவேண்டியதில்லை என்பதே. அவற்றிற்கும் உறுப்பினர் கொடுக்கும் இலைதான் மூலதனம். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊர்த் தலைவர்களும் முன்னின்றால் இத்தகைய முறையை ஒரு பருவத்திலேயே ஏற்படுத்தலாம். ஊர்க்கூட்டத்தில் முதலில் தீர்க்கவேண்டியது, தள்ளப்பட்ட இலைக்கு யார் பொறுப்பு என்பதே. அதைத் தீர்க்காமல் தொடங்கிய ஏற்பாடுகள் மனஸ்தாபத்தில் முடியும்.

கவாத்துக் கழிவைப்பற்றி ஒரு வார்த்தை. வெட்டிய கிளைகளை விறகுக்கு எடுத்துச் செல்லுதல் வழக்கமாயிருக்கிறது. தடித்த தண்டை எடுத்துக்கொள்வதைத் தடுக்க இயலாது. இலைகளையும் மெல்லிய கிளைகளையுமாவது வரிசைகளுக்கிடையே பரப்பிவிட்டால், அவற்றிலுள்ள சத்து முழுவதும் நிலத்திற்கே திரும்பும். சரிவில் மண் அரிப்பும் தடைப்படும். தோட்டத்திலேயே கொளுத்துவோர் தழைச்சத்தைப் புகையாக அனுப்பிவிட்டு, அதையே மீண்டும் மூட்டையாக விலைக்கு வாங்குகின்றனர்.

எவ்வளவு உரம் என்ற கேள்விக்கு எல்லாத் தோட்டத்திற்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. தேயிலை மண்ணின் புளிப்பு 4.5 முதல் 5.5 வரை இருத்தல் நலம். யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் பல வருஷம் இடப்பட்ட நிலத்தில் புளிப்பு அதற்கும் கீழே இறங்கியிருக்கலாம். அந்நிலையில் மேலும் உரமிட்டும் வேர் அதை ஏற்பதில்லை. டாலமைட் சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்தபின்னரே உரம் பலிக்கும். இதை அறியக் கவாத்துக்கு முன்பு, கடைசியாக உரமிட்டு இரண்டு மாதமேனும் கழிந்தபின், தோட்டத்தின் மேடு, நடு, பள்ளம் ஆகிய இடங்களில் மேற்குப்பையை விலக்கி, 20 சென்டிமீட்டர் ஆழம்வரை சிறிது சிறிதாக மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவு துணிப்பையில் கட்டி, சர்வே நம்பர், செடியின் வயது, கடந்த வருஷம் எடுத்த பசுந்தேயிலையின் எடை, இட்ட உரம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வைத்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பவேண்டும். ஓடையோரம், எருக்குழியருகே, பாதையோரம் ஆகிய இடங்களின் மண்ணை இதில் சேர்த்தலாகாது.